ஈஸ்டர் சேவல் பிழைத்த வருடம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு மாத்திரையில் தொடங்கி, முட்டிவலியில் கொஞ்சம் நின்று, கடைசியில் சாப்பாட்டுக்குத்தான் வந்து சேர்கிறது. அண்மையில் ஒரு கல்யாணத்திலும் அப்படித்தான். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "கோலா கெத்தில் பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல ஒரு சாப்பாட்டுக்கடை இருந்துச்சே, தகரக் கூரை, வாசல்ல நீலத் தண்ணிப் பீப்பாய்…" நான் திரும்பி, "அது எங்க கடைதாங்க" என்றேன். அவர் என் பெயரைக் கேட்கவில்லை, அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தச் சேவலு கடைசியில என்னாச்சு?" என்றார்.

கல்யாண மேளத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். சேவலுக்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில், கெடா மாநிலத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தது. ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தோட்டத்து ஆட்களுக்கு அது 'வேதக்காரங்க கடை'. நாங்கள் கத்தோலிக்கர்கள். சாப்பிட வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் திருநீறு பூசியவர்கள். மாட்டிறைச்சி எங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டிலும் சமைத்ததில்லை. "நாலு பேரு நம்பி வந்து எலை முன்னால உக்கார்ற எடம்" என்பார் அப்பா. அவர் சாமிப் படத்துக்கு முன்னால் பேசும் குரலும் இதைச் சொல்லும் குரலும் ஒன்றாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டாரத் தோட்டங்களெல்லாம் சந்தைக்கு வந்து எங்கள் கடையில் இறங்கும். பைகளை மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போவார்கள். கைக்குழந்தைகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுப்படிக்குப் பக்கத்து உத்தரத்தில் எப்போதும் ஒரு சேலைத் தொட்டில் தொங்கும். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமலே அதை ஆட்டிவிட்டபடி நான் வாய்ப்பாடு படித்திருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சாப்பிடுகிறவரிடம் "போதுமா?" என்று கேட்கக்கூடாது. "அப்படிக் கேட்டா போதாதவனும் போதும்னுதான் சொல்லுவான்" என்பார். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கொழம்பா, ரசமா?" இரண்டில் எதைச் சொன்னாலும் சோறு விழும்.

சமையல் அத்தையினுடையது. அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்து தம்பியோடு வந்துவிட்டவர். அடுப்பைத் தவிர எதனுடனும் அதிகம் பேசமாட்டார். அடுப்புடன் நிறையப் பேசுவார். கொல்லைப்பக்கம் அவருடைய கையடக்கக் கல்லுரல் இருக்கும். மலாய்க்காரர்கள் லெசோங் என்பார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். காய்ந்த மிளகாயைப் போட்டு அவர் இடிக்கும் சத்தம்தான் எனக்குப் பள்ளிக்கூடத்து மணி.

கடையின் முன்பக்கத்தில் கோப்பி கலக்கியவர் ஒரு சீனர். எல்லாருக்கும் அவர் தவுக்கே, அதாவது முதலாளி. கரங்கான் பக்கம் ஒரு தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்தவர், நம் பேச்சைப் பேசுவார். அம்மாவை அக்கா என்பார். என்னை மட்டும் ஏனோ 'மேனேஜர்' என்பார். "மேனேஜர், பசியாறியாச்சா?" என்று பால் ஏட்டைச் சுரண்டி ஒரு தட்டில் வைத்து நீட்டுவார்.

அந்த வருடம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் விரதமான தபசு காலம் தொடங்கிய சமயத்தில்தான் புகைக்கொட்டகை மாமா வந்தார்.

அதற்கு முன்பும் ஞாயிறுகளில் மனைவியோடு வந்து ஆட்டுக்கறி சாப்பிட்டுப் போனவர்தான். தோட்டத்து ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காய வைக்கிற கொட்டகையில் வேலை. அவர் உள்ளே வந்தால் ஒரு புகை வாடை கூடவே வந்து உட்காரும், அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போகும். அன்று தனியாக வந்தார். சாப்பிடவில்லை. கல்லாவுக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ஒரு ஒதவி. பொஞ்சாதி ஜித்ராவுல அவங்கம்மா வீட்டுல இருக்கு. படுத்த எடத்த விட்டு எந்திரிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இதுக்கு முன்ன வயித்துல தங்கல. இந்தத் தடவ பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். ஒரு வேளச் சோறு, சுத்த சைவமா…"

"லயத்து வீட்டுல ஆக்கிக்க முடியலியா தம்பி?" என்றார் அப்பா.

"ஆக்கினேன்ண்ணே. பக்கத்து வீட்டு நாயி மோந்து பாத்துட்டு என்னையப் பாவமாப் பாத்துச்சு."

தவுக்கே சிரித்ததில் கோப்பி சிந்தியது. அம்மா சிரிக்கவில்லை. வயிற்றுப்பிள்ளை என்று காதில் விழுந்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "நாங்களும் தபசு காலந்தான் தம்பி. எங்க வீட்டுலயும் கறி இல்ல. நீங்க வாங்க" என்றார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் கிடக்கிறது. எங்கள் தபசு காலத்தில் கறி இல்லை, கோழி இல்லை. மீன் உண்டு. கருவாடு உண்டு. சிலுவைப் பாதை முடிந்து பங்குச் சாமியார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் மீன் குழம்புதான். 'விரதம்' என்று அவர்களும் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். இரண்டும் ஒன்றல்ல என்பது அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் மாமாவுக்கென்று புதுச் சட்டி, புது அகப்பை, தனி அடுப்பு. விடிந்ததும், மீன்காரரின் மணி கேட்பதற்கு முன்பாகவே, அத்தை குளித்துவிட்டு அந்தச் சட்டியில் பருப்பும் ஒரு காயும் வைத்து மூடிவிடுவார். மூடியின் மேல் ஒரு மஞ்சள் துணி. அந்தத் துணியைத் தொட்டதற்காக நான் ஒரு முறை அடி வாங்கினேன்.

மாமா மத்தியானம் சைக்கிளில் வருவார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருவார். "இது கோயிலா தம்பி, செருப்போட வாங்க" என்பார் அப்பா. "வெரதச் சோறு போடுற எடம்ண்ணே" என்பார் அவர். மற்றவர்கள் கேலி செய்தார்கள். லாரி ஓட்டும் ஒருவர், "அப்ப நான் அங்கப்பிரதட்சணமா வரணுமாய்யா?" என்றார். மாமாவும் சேர்ந்து சிரித்தார். மறுநாளும் கழற்றினார்.

ஆனால் அவரால் சாப்பிட முடியவில்லை. பிசைவார், நாலு வாய் எடுப்பார், இலையையே பார்த்துக்கொண்டிருப்பார். "ருசி தெரியல பெரியக்கா" என்று அத்தையிடம் ஒரு நாள் சொன்னார். "உங்க கையில கொற இல்ல. கொட்டகையில கெடந்து கெடந்து மூக்கு செத்துப்போச்சு. மூக்கு செத்தா நாக்கும் கூடவே போயிடுது போல."

அத்தைக்கு அது தாங்கவில்லை. அவர் ஆக்கிய சோற்றை ஒருவர் கடமைக்குச் சாப்பிட்டுப் போவதா? மறுநாள் இலை ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணம் வந்தது. மிளகாய்ச் சம்பால். மாமா ஒரு துளி தொட்டு வாயில் வைத்தார். நிமிர்ந்தார். காது சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, "பெரியக்கா! உறைக்குது!" என்று கத்தினார், ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி. அன்று அவர் மூன்று முறை சோறு வாங்கினார். அத்தை அடுப்பிடம் போய், "பாத்தியா?" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அதன் பிறகு தினமும் சம்பால். எல்லார் கண்ணுக்கு முன்னாலும்தான் இடித்தார். மிளகாய், உப்பு, எலுமிச்சை. அப்புறம், அடுப்புத் தணலில் ஒரு கட்டி பெலாச்சானைச் சுட்டு உதிர்த்துப் போடுவார். அம்மா பார்த்தார், அப்பா பார்த்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. உப்பு ஒரு சாமான், புளி ஒரு சாமான், பெலாச்சான் ஒரு சாமான். மளிகைக்கடைக் காகிதத்தில் சுற்றி வருகிற பழுப்புக் கட்டி. அதற்கு ஒரு காலத்தில் மீசையும் காலும் இருந்தன என்று யார் நினைத்தது?

நினைத்தவர் தவுக்கே. அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் அவர் சைவம், அவருடைய சாமிக்காக. அந்த நாட்களில் மாமாவின் சட்டியிலிருந்தே அவருக்கும் ஒரு தட்டு போகும். அப்படி வந்த ஒரு அமாவாசையன்று மாமா சாப்பிட்டு முடித்துக் கிளம்பிவிட்டார். தவுக்கே அதே மேசையில் உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டு, மிச்சமிருந்த சம்பால் கிண்ணத்தையும் நகர்த்தி வைத்தார். தவுக்கே கையைக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். குனிந்து முகர்ந்தார்.

"அக்கா, இன்னிக்கி நான் சைவம் லா."

"தெரியும் தவுக்கே. அதான் அந்தச் சட்டியில இருந்து போட்டேன்."

"இதுல பெலாச்சான் இருக்கு."

"ஆமா, பெலாச்சான்தான்" என்றார் அம்மா, வெகு இயல்பாக.

தவுக்கே கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு சத்தமில்லாமல், ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி, "பெலாச்சான் எறா லா அக்கா. எறாவுக்கு உசுரு இல்லியா?" என்றார்.

அம்மா கையிலிருந்த அகப்பையிலிருந்து பருப்பு மேசையில் சொட்டிக்கொண்டே இருந்தது. அடுப்படியில் இடிக்கும் சத்தம் நின்றது. பிறகு அத்தையின் குரல் மட்டும்: "யேசு மரி சூசையே."

மத்தியானக் கூட்டம் போனதும் கதவைப் பாதி சாத்திவிட்டு அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். என்னைக் கொல்லைக்குப் போகச் சொன்னார்கள். நான் தொட்டிலுக்குள் ஏறிச் சுருண்டுகொண்டேன். சேலைக்குள் இருந்தால் பெரியவர்களுக்கு நாம் இல்லை.

"சொல்ல வேணாம்" என்றார் அப்பா. "நாளையிலேர்ந்து பெலாச்சான் போடாம இடிச்சிடுவோம். அவருக்கு மணம் தெரியப் போறதில்ல. தெரியாமச் செஞ்சது. எதுக்குப் போயி அந்த மனுசன் நெஞ்சுல கல்லத் தூக்கிப் போடணும்?"

"அந்தப் பொண்ணு படுத்துக் கெடக்கு" என்றார் அம்மா. "நல்லபடியா ஆகட்டும். ஆனா ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா? நான் என்ன கொற வெச்சேன்னு அந்த மனுசன் ஆயுசுக்கும் தன்னையே தேடிக்கிட்டு இருப்பாரு. கொற இங்க இருக்கு, இந்த மேசையில."

"சொன்னா ஒரு தோட்டத்து ஆளு கூட இந்தப் படி ஏற மாட்டான்."

"ஏறலைன்னா போகட்டும்."

"யாருக்குத் தெரியப் போகுதுன்னு கேக்கறேன்!"

"எனக்குத் தெரியுமே" என்றார் அம்மா.

அப்போது எனக்கு அப்பா மேல் கோபம். பொய் சொல்லப் பார்க்கிறாரே என்று. கடையைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசுகிறார் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில், சேலை இடுக்கு வழியாக நான் பார்த்ததைத் திரும்ப நினைத்தால் வேறு மாதிரி தெரிகிறது. பேசிய நேரம் முழுக்க அப்பா அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறைக்க நினைத்தது கடையின் தவறை அல்ல. தன் அக்காவின் கையை. அத்தைக்கு அந்தக் கையைத் தவிர வேறு என்ன இருந்தது?

அத்தை எழுந்து போய் லெசோங்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் மாமா வந்தார். செருப்பைக் கழற்றினார். கைகழுவி வந்து உட்கார்ந்தார். இலை வரவில்லை. அப்பா தோளில் துண்டோடு எதிரே வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "தம்பி… நேத்து மழை பெஞ்சுதா அங்க?" என்றார்.

"பெய்யலியேண்ணே" என்றார் மாமா குழப்பமாக.

அடுப்படியிலிருந்து அத்தை வந்தார். இரண்டு கையாலும் லெசோங்கை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு. அந்த மனுஷி கடையின் முன்பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை. மேசையில் அதை வைத்தார். "தம்பி, நான்தான். இதுல பெலாச்சான் போட்டு இடிச்சேன். எங்க தபசுக்கு அது ஆகும். ஒங்களுக்கு ஆகாதுன்னு எனக்கு உறைக்கல. என் தம்பி மேல, அவன் பொஞ்சாதி மேல குத்தம் எதுவும் இல்ல. என் கைதான்."

மாமா முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு தன் வலக்கை விரல்களைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்தார். ஒன்றும் தெரியாதவராகத் திரும்ப முகர்ந்தார். அதுதான் எனக்கு மறக்கவில்லை. எழுந்தார், கும்பிட்டாரா கையை உதறினாரா என்று சொல்ல முடியாதபடி ஏதோ செய்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வெறுங்காலோடு. செருப்பு வாசலிலேயே கிடந்தது.

அப்பா சொன்னது பலித்தது. மாமா யாரிடமும் குறை சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் லாரிக்காரர் பக்கத்து மேசையில் இருந்தாரே. அந்த ஞாயிறு மேசைக்கடியில் பைகள் இல்லை. தொட்டில் காலியாகத் தொங்கியது. பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் எங்கள் காதில் விழும்படியே, "அங்கயா? அங்க போனா முருகனுக்கே எறா ஊட்டி அனுப்புவாங்க" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, நல்ல வாய் அந்தப் பெண்ணுக்கு. அன்று அம்மா ஜன்னலைச் சாத்தினார்.

அத்தை அடுப்பைத் தொடவில்லை. அம்மாதான் சமைத்தார். அத்தை பாத்திரம் கழுவினார், வாசல் பெருக்கினார். அந்தச் செருப்பை மட்டும் நகர்த்தாமல் சுற்றிப் பெருக்குவார். அவர் கோபித்துக்கொண்டு வேலை செய்ய மறுக்கிறார் என்று நான் நினைத்தேன். அம்மாவிடம் போய், "அத்தை சோம்பேறி ஆயிட்டாங்க" என்று கூடச் சொன்னேன். அம்மா என் வாயில் ஒரு துண்டு வெல்லத்தைத் திணித்தார்.

பெரிய வெள்ளி வந்தது. பங்குனி உத்திரமும் அந்த வாரமே. காவடி போன சத்தம் சாலையில் கேட்டது. அதில் மாமா இல்லை என்று தவுக்கே விசாரித்து வந்து சொன்னார்.

இனிமேல்தான் சேவல். தபசு காலம் முழுக்க நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று நினைக்கிறீர்கள்? உயிர்ப்பு ஞாயிறுக்கா? கோழிக் குழம்புக்கு. அப்பா ஒரு செஞ்சேவலை வாங்கிக் கொல்லைக் கொய்யா மரத்தில் கட்டியிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் முன்னால் குந்தி, தொடை யாருக்கு, ஈரல் யாருக்கு என்று பிரித்துக்கொண்டிருப்பேன். அதுவும் ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் மத்தியானம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, சைக்கிள் மணி கேட்டது. மாமா. வாசலில் நின்று தன் செருப்பைப் பார்த்தார். அது வைத்த இடத்திலேயே, தூசி தட்டி, ஜோடி சேர்த்து இருந்தது. போட்டிருந்த புதுச் செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"பெரியக்கா எங்க?" என்றார்.

அத்தை சோப்பு நுரைக் கையோடு வந்து நின்றார்.

"கோயில்ல கேட்டேன். தெரியாமத் தின்னது ஒண்ணும் இல்ல, காவடி எடுன்னாரு பூசாரி. எனக்குத்தான் மனசு ஒப்பல. சித்ரா பௌர்ணமிக்கு எடுக்கிறேன்னு மாத்தி வேண்டிக்கிட்டேன். அப்புறம் ஜித்ராவுக்குப் போயி பொஞ்சாதிகிட்டச் சொன்னேன். அது என்னையப் புடிச்சு ஏசு ஏசுன்னு ஏசுது. 'ஆக்கிப் போட்டுட்டு, மறைக்காம முன்னால வந்து சொன்ன வீட்ட விட்டுட்டு, வேற எவன் சட்டியில என்ன இருக்குன்னு நீ எப்படி நம்புவ? அங்கயே போய்ச் சாப்புடு'ங்குது." அத்தையின் பக்கம் திரும்பினார். "அதுவும் பெரியக்கா கையாலதான் சாப்புடணுமாம்."

அத்தை நுரைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா மறுபடியும் துண்டைத் தோள் மாற்றினார். பிறகு எனக்கு இடி மாதிரி ஒன்றைச் சொன்னார்: "அப்ப இன்னியிலேர்ந்து சித்ரா பௌர்ணமி வரைக்கும் இந்தக் கடையில கறி கெடையாது, மீன் கெடையாது, முட்டை கெடையாது. வீட்டுலயும்தான்."

"நாளைக்கி ஈஸ்டருப்பா!" என்று நான் அலறினேன்.

"ஈஸ்டரு வரும். சேவலு எங்கயும் போகாது" என்றார் அப்பா.

அந்த ஈஸ்டருக்கு எங்கள் வீட்டில் பூசணிக்காய்க் குழம்பு. பூசை முடிந்து வந்து, புதுப் பாவாடையோடு, இலை முன்னால் உட்கார்ந்து நான் அழுத அழுகை அந்தத் தெருவுக்கே தெரியும். கொல்லையில் சேவல் கூவியது. ஆண்டவர் உயிர்த்தெழுந்தார். எங்கள் சேவல் சாகவே இல்லை.

அந்த ஒரு மாதம் எங்கள் கடை நடந்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அத்தை புது லெசோங் வாங்கினார். பழையதைத் தவுக்கே கேட்டு எடுத்துக்கொண்டார்; "சைவம் இல்லாத நாளுக்கு ஆகும் லா." மாமாவின் மூக்குக்குப் பதிலாகவும் அவரே நின்றார். தினமும் இலை போடுவதற்கு முன்னால் அத்தை சட்டிகளை வரிசையாக முன்னே கொண்டுவந்து வைப்பார். தவுக்கே கோப்பிக் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்வார். கடை மொத்தமும் அமைதியாகிவிடும். நிமிர்ந்து, ஒரு நீதிபதி மாதிரி, "ஓக்கே லா" என்பார். அதற்கப்புறம்தான் அகப்பை அசையும்.

இதை வேடிக்கை பார்க்க முதலில் லாரிக்காரர் வந்தார். "கறி இல்லாத கடையில எனக்கென்ன வேல" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து இரண்டு முறை ரசம் கேட்டார். அப்புறம் மாமாவின் தோட்டத்தில் விரதம் இருந்த இன்னும் சிலர். அப்புறம் அவர்களுடைய வீட்டுப் பெண்கள். ஒரு ஞாயிறு, மேசைக்கடியில் மறுபடியும் பைகள். பஸ் ஸ்டாப்பில் பேசிய அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்து, அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினாள். அம்மாவும் ஒன்றும் சொல்லாமல் வாங்கித் தொட்டிலில் போட்டார். பிறகு, "கொழம்பா, ரசமா?" என்றார்.

சித்ரா பௌர்ணமியன்று சுங்கை பட்டாணிக்கு நாங்கள் எல்லாரும் போனோம். கோயிலுக்குள் போகவில்லை. சாலையோரம் ஒரு மரத்தடியில் மோர்ப் பானையோடு நின்றோம். அத்தை செபமாலையைக் கைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் மோர் மொண்டு கொடுத்தார். மாமாவின் காவடி வந்தபோது அவர் நின்று திரும்பிப் பார்த்தாரா, சாமி ஆடித் திரும்பினாரா, தெரியாது. அத்தை மட்டும், "பாத்துட்டாரு" என்றார். வீடு திரும்பும்வரை அதையே பஸ்ஸில் மூன்று நான்கு தரம் சொன்னார்.

விரதம் முடித்து மாமா வந்தார். அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். மாமாவும் வந்து கொய்யா மரத்தடியில் நின்றார். சேவலைப் பார்த்தார். "வேணாம்ண்ணே" என்றார். "அதுவும் நம்மகூடச் சேந்து வெரதம் இருந்துருக்கு."

அவ்வளவுதான். சந்தையிலிருந்து வேறு கோழி வந்தது, நானும் தொடை தின்றேன், வஞ்சனை இல்லாமல். அந்தச் சேவல் கட்டவிழ்ந்து, வாடிக்கையாளர்களின் காலைக் கொத்திக்கொண்டு, கடையின் முதலாளி மாதிரி நடந்து, வயதாகித் தானாகவே செத்தது. கல்யாணத்தில் கேட்டவருக்கு இதுதான் பதில். ஆனால் எனக்கு அந்த வருடம் அதோடு முடியவில்லை.

மறு வருடம், மறுபடியும் தபசு காலம். ஒரு மத்தியானம் மாமாவும் அவர் மனைவியும் வந்தார்கள். இரண்டு பேரும் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். அந்த அத்தையை, மாமாவின் மனைவியைச் சொல்கிறேன், ஒரு வருடத்துக்கு அப்புறம் அன்றுதான் மறுபடியும் பார்த்தேன். கையில் குழந்தை. பெண் குழந்தை. கொழுகொழுவென்று, தலை நிறைய முடியோடு, கடையையே முறைத்துப் பார்த்தது.

"மொதச் சோறு ஊட்டணும்க்கா" என்றார் அவர் அம்மாவிடம். "கோயில்ல பேர் வெச்சுட்டோம். சோறு இங்கதான்னு நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன்." பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்து, "பெரியக்கா ஊட்டட்டும்" என்றார்.

அத்தை வரவில்லை. அப்பா போய்க் கூப்பிட்டார். வந்தவர் கையைக் கழுவப் போனார். கழுவினார். துடைத்தார். திரும்பப் போய்க் கழுவினார். பீப்பாய்த் தண்ணீர் கீழே வழிந்து வாசல்வரை ஓடியது. "போதும்க்கா" என்று அப்பா சொல்ல வாயெடுத்ததும், அந்த வார்த்தையையே கேட்கப் பிடிக்காதவராக அம்மா அவர் கையைத் தட்டினார்.

ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் பருப்புத் தண்ணீர் விட்டு மசித்த சோறு. அத்தை ஒரு பருக்கை அளவு விரல் நுனியில் எடுத்தார். குழந்தையின் வாய்வரை கொண்டுபோனவர் அங்கேயே நின்றுவிட்டார். நகரவே இல்லை. கடையில் இலை முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

கோப்பிப் பட்டறையிலிருந்து தவுக்கே இறங்கி வந்தார். கையைத் துடைத்தார். கண்ணை மூடினார். அத்தையின் விரலருகே குனிந்து, எப்போதையும் விட அதிக நேரம் முகர்ந்தார்.

"ஓக்கே லா, பெரியக்கா" என்றார்.

குழந்தை வாயைத் திறந்தது.